புகை வளையாத ஜன்னல்

அந்த ஷட்டரை முழுசாக இறக்கிவிடாதீர்கள் அக்கா. ஒரு நாலு விரல் இடம் விடுங்கள். சாரல் அடித்தால் நாம் இடம் மாறிக்கொள்ளலாம். நான் நனைந்தால் பரவாயில்லை. தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாற்பது பேர் மூச்சு விடுகிற பஸ். மேட்டுப்பாளையத்தில் ஏறியதிலிருந்து பார்த்துக்கொண்டே வருகிறேன், ஒவ்வொருவராக மூடிவிட்டார்கள். நம்முடையது ஒன்றுதான் பாக்கி.

நன்றி அக்கா.

நீங்களும் குன்னூர்தானா? நானும் அங்கேதான். பதினொரு மணிக்கு ஒரு விசாரணை. ஐயோ, அப்படிப் பார்க்காதீர்கள். நான் சாட்சிதான். வந்த கடிதத்தில் சாட்சி என்றுதான் போட்டிருக்கிறது. பையில் இருக்கிறது, வேண்டுமானால் காட்டுகிறேன்.

என் பெயர் சுகந்தி. சிவில் இன்ஜினீயரிங் முடித்து இரண்டு வருஷம் ஆகிறது. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் முதல் டிகிரி என்னுடையதுதான். அம்மா இன்னும் கொழுந்து பறிக்கப் போகிறாள். பெருமைக்குச் சொல்லவில்லை. நான் எதையும் இரண்டு தடவை சரி பார்க்கிறவள் என்பது உங்களுக்குப் புரிய வேண்டும். முதலில் படித்து வருகிறவர்களுக்கு அந்தப் பயம் உண்டு அக்கா. ஒரு தப்பு செய்தால் நம்மோடு போகாது, "இதுகளுக்கெல்லாம் படிப்பு எதுக்கு" என்று வந்து நிற்கும். அதனால் நான் அளந்ததையே அளப்பேன். எழுதினதையே எழுதுவேன்.

நான் தனியாகச் செய்த முதல் வேலை குன்னூரில் ஒரு பழைய பங்களாவுக்கு. எட்வின் சார் என்று ஒருவர், வெளிநாட்டில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வெள்ளைக்காரன் காலத்து வீடு. ஜன்னல்களும் அப்போது போட்டவைதான். தேக்குச் சட்டம், இரட்டைக் கதவு, லேசாக நெளிந்த கண்ணாடி. அதன் வழியாகப் பார்த்தால் வெளியே நிற்கிற மரம் தண்ணீருக்குள் நிற்கிற மாதிரி இருக்கும். பார்க்க அழகு. ஆனால் ஜூன் மாதக் காற்றுக்கு அந்த வீட்டுக்குள் கம்பளி போர்த்திக்கொண்டுதான் சாப்பிட வேண்டும். மரம் சுருங்கி, கண்ணாடியைப் பிடித்திருக்கிற மக்கு காய்ந்து உதிர்ந்து, சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே பேனா நுழைகிற இடைவெளி.

எட்வின் சார் முதல் நாளே சொன்னார், "சுகந்தி, ஜன்னலை மாத்தறவங்க ஊர்ல நூறு பேர் இருக்காங்க. மாத்தாம குளிரை நிறுத்தறவங்க யாராவது இருந்தா அவங்கதான் எனக்கு வேணும்."

நான் அதைச் செய்தேன் அக்கா. இருபத்து மூன்று ஜன்னல். பழைய மக்கைச் சுரண்டிப் புது மக்கு வைத்தேன். சுவர் இடுக்கில் நார்க்கயிறு திணித்துச் சுண்ணாம்பு பூசினேன். கதவு வந்து சேர்கிற ஓரமெல்லாம் கம்பளிப் பட்டை ஒட்டினேன். உள்பக்கம் கழற்றி மாட்டுகிற மாதிரி இன்னொரு மெல்லிய தகடு, கண்ணாடி மாதிரியே இருக்கும். ஒரு ஆணிகூடப் பழைய மரத்தில் அடிக்கவில்லை.

எங்கே காற்று வருகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது தெரியுமா? ஊதுபத்தி. ஒன்றைக் கொளுத்தி ஜன்னல் ஓரமாக மெதுவாக நகர்த்திக்கொண்டே போவேன். இடுக்கு இருந்தால் புகை அந்த இடத்தில் வளையும். அங்கே சாக்பீஸால் ஒரு கோடு. வேலை முடிந்ததும் மறுபடி கொளுத்துவேன். புகை நூல் மாதிரி நேராக எழும்ப வேண்டும். வளைந்தால் மறுபடி முதலிலிருந்து. இதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. நானாகக் கண்டுபிடித்தது.

அந்த வீட்டைப் பார்த்துக்கொள்கிறவர் பாக்கியம்மா. புருஷன் இல்லை. முப்பது வருஷமாகப் பின்கட்டில் ஒரே அறையில் இருக்கிறார். எனக்குத் தினமும் பதினொரு மணிக்கு டீ கொடுப்பார். எட்வின் சார் குடிக்கிற அதே பீங்கான் கப்பில் கொடுப்பார் அக்கா. "இன்ஜினீயரு கண்ணு, கண்ணாடி டம்ளர்ல குடிக்கக் கூடாது" என்பார். நான் வேண்டாமென்று சொன்னால் கேட்கமாட்டார். என் அம்மாவைப் பங்களாக்களில் எப்படி நடத்துவார்கள் என்று எனக்குத் தெரியும். அதனால் அந்தக் கப்பைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

அவருக்கு ஒரே மகள், வினோதினி. காரமடையில் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி இரண்டு வருஷம். தலைப் பிரசவத்துக்கு அம்மாவிடம் வந்தாள். பெண் குழந்தை. வினோதினி என்னைவிட இரண்டு வயது சின்னவள், ஆனால் பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டாள். நான் ஊதுபத்தியோடு ஜன்னல் ஜன்னலாகப் போவதைப் பார்த்து, "அம்மா, ஜன்னலுக்குப் பூசை போடுற இன்ஜினீயரை இப்பத்தான் பாக்குறேன். அக்கா, சூடம் ஒண்ணு காட்டிருங்க, முழுப் பலன் கிடைக்கும்" என்றாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டே அவ்வளவு சிரிப்பு. பச்சை உடம்புக்காரி இப்படிச் சிரிக்காதே என்று பாக்கியம்மா அதட்டுவார்.

அவர்கள் அறையில் ஒரு ஜன்னல் இருந்தது. பங்களாவில் இருப்பதைப் போலவே பழசு, ஆனால் யாரும் கவனிக்காதது. கோணிப்போய், ஒரு கண்ணாடி போய், அதில் அட்டை செருகியிருந்தார்கள். இடுக்கிலெல்லாம் பழைய சேலைத் துணி. மேலே ஒரு சின்ன வெண்டிலேட்டர், அதுவும் முக்கால்வாசி உடைந்தது. காற்று வீசினால் அந்த அறையில் கொடியில் போட்ட துணி ஆடும். பாக்கியம்மா தினமும் அந்தக் காற்றைத் திட்டுவார். "எழவு காத்து, என்னைக் கொண்டுபோகத்தான் வருது" என்பார்.

எனக்குப் பட்டை மிச்சம் இருந்தது. தகடும் ஒன்று மிச்சம். எட்வின் சாரிடம் கேட்டேன். அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்காமலே, "மிச்சத்தை என்ன வேணா பண்ணிக்கோம்மா" என்றார். கேட்டேன் அக்கா. கேட்காமல் எடுக்கவில்லை.

ஒரு நாள் முழுக்க அந்த ஒரு ஜன்னல். உண்மையைச் சொன்னால் பங்களா ஜன்னல்களைவிட இதைத்தான் ஆசையாகச் செய்தேன். நான் பிறந்து வளர்ந்த லைன் வீட்டிலும் இதே குளிர்தான். எங்கள் வீட்டுக்கு யாரும் வந்து பட்டை ஒட்டவில்லை.

அன்றைக்கு மேலே இருந்த வெண்டிலேட்டரை மட்டும் நான் அடைக்கவில்லை. அது வேண்டும் என்று எனக்குத் தெரியும். ஒரு அறைக்குக் காற்று வந்து போக வழி வேண்டும். இரண்டு மார்க் கேள்வி அது. நான் இரண்டும் வாங்கியிருக்கிறேன்.

பத்து நாள் கழித்து வினோதினி போன் பண்ணினாள். "அக்கா, எல்லாம் அடைச்சிட்டு அந்த மேல் ஓட்டையை மட்டும் எனக்குச் சீதனமா விட்டுட்டுப் போனீங்களா? குழந்தை தலையில நேரா வந்து விழுது காத்து. ராவெல்லாம் தும்முது."

தும்முகிறது என்றாளே, அதுதான். ஞாயிற்றுக்கிழமை, லீவு நாள், இரண்டு பஸ் மாறிப் போனேன். வெண்டிலேட்டரை அடைத்தேன். ஊதுபத்தி கொளுத்தினேன். கதவு இடுக்கில் கொஞ்சம் வளைந்தது. அங்கேயும் ஒரு பட்டை ஒட்டினேன். மறுபடி கொளுத்தினேன். நூல் மாதிரி நின்றது. வினோதினி குழந்தையின் கையைப் பிடித்துப் புகையைப் பார்த்துக் கும்பிட வைத்தாள். "நல்லாப் பாத்துக்க பாப்பா, இதுதான் உனக்குக் கம்பளி கட்டுன சாமி" என்றாள்.

நாம் பர்லியார் தாண்டிவிட்டோமா? சரி. இன்னும் நேரம் இருக்கிறது.

அடுத்த புதன்கிழமை மத்தியானம் நடந்தது. அன்றைக்கும் இதே மாதிரி மழை. பாக்கியம்மா மகளுக்குத் தலைக்கு ஊற்றிவிட்டிருக்கிறார். பிள்ளை பெற்றவளுக்குத் தலை ஈரம் நிற்கக் கூடாது என்று இரும்புச் சட்டியில் கரி போட்டு, சாம்பிராணி தூவி, கூந்தலை விரித்துக் காய வைத்திருக்கிறார். எல்லா வீட்டிலும் செய்வதுதானே அக்கா? உங்களுக்கும் செய்திருப்பார்கள். தலை காய்ந்ததும் அவளுக்குத் தூக்கம் வந்திருக்கிறது. "நீ தூங்கு, பிள்ளையை நான் பாத்துக்கறேன்" என்று குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாக்கியம்மா பங்களா சமையலறைக்குப் போய்விட்டார். சட்டி கதகதப்பாக இருக்கட்டும் என்று உள்ளேயே விட்டுவிட்டு, குளிர் புகாமல் கதவையும் சாத்திவிட்டுப் போயிருக்கிறார்.

இரண்டரை மணி நேரம். குழந்தை பாலுக்கு அழுதபோதுதான் போய்க் கதவைத் திறந்தார். முகம் சிவந்து நன்றாகத் தூங்குகிற மாதிரி இருந்தாளாம். அதனால் முதலில் எழுப்ப மனசு வரவில்லையாம்.

டாக்டர் கரிப்புகை என்று சொல்லிவிட்டார். கண்ணுக்குத் தெரியாத வாயு, வாசனையும் கிடையாது.

கல்யாணமாகி ஏழு வருஷத்துக்குள் ஒரு பெண் செத்தால் விசாரணை நடக்கும். உங்களுக்குத் தெரிந்திருக்கும். பங்களாவுக்கு வந்து போனவர்கள் எல்லோரையும் கேட்டார்கள். என்னையும் கேட்டார்கள். நான் எழுதிக் கொடுத்தேன். மொத்தம் இருபத்து மூன்று ஜன்னல்கள், இன்னின்ன வேலை, பின்கட்டு அறை என் வேலையில் சேராது. ஒரு வார்த்தை பொய் இல்லை. அது என் வேலையில் சேராதுதான். அது உதவி. வாங்கிய இன்ஸ்பெக்டர்கூட, "தெளிவா எழுதியிருக்கியேம்மா" என்றார். எட்வின் சாரும் பின்கட்டில் எந்த வேலையும் நடக்கவில்லை என்றே சொல்லியிருக்கிறார். அவருக்கு ஞாபகமே இல்லை. அவரும் பொய் சொல்லவில்லை.

எட்வின் சாருக்கு நான் ஒரு தாள் டைப் பண்ணிக் கொடுத்திருந்தேன். கணப்பில் நெருப்பு மூட்டினால் வெண்டிலேட்டரைத் திறந்து வையுங்கள், கரி அடுப்பை அறைக்குள் கொண்டுவராதீர்கள் என்று ஆறு குறிப்பு. வேலையை ஒப்படைக்கும்போது கொடுக்க வேண்டும், கொடுத்தேன். பின்கட்டுக்குக் கொடுக்கவில்லை. அங்கே ஒப்படைக்க என்ன இருக்கிறது? அதோடு அந்தத் தாள் இங்கிலீஷில் இருந்தது.

எங்கள் வீட்டிலும் கரிச்சட்டி உண்டு அக்கா. அதை உங்களிடம் மறைக்கவில்லை. சின்ன வயதில் அதைச் சுற்றித்தான் படுப்போம். எங்கள் வீட்டு ஓட்டில் அத்தனை ஓட்டை. அம்மா அவற்றை எண்ணிக் காட்டி எங்களுக்குக் கணக்கு சொல்லித்தருவாள்.

மூன்றாம் நாள் போனேன். போகாமல் எப்படி இருப்பது? வினோதினி படுத்திருந்த இடத்தில் விளக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். பதினாறு நாள் அணையக் கூடாது என்று. பக்கத்தில் வாழைப்பழத்தில் குத்திய ஊதுபத்தி. பாக்கியம்மா அந்த விளக்குக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். குழந்தையைக் காரமடைக்காரர்கள் கொண்டுபோய்விட்டார்கள். மார்பில் போட்டுக்கொள்ள ஒன்றும் இல்லாமல், அந்தப் பிள்ளையின் குல்லாவைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

என்னைப் பார்த்ததும் அழுவார் என்று நினைத்தேன். கதவைச் சாத்தச் சொன்னார். சாத்தினேன். ஊதுபத்தியைக் காட்டினார்.

"பாத்தியா கண்ணு, எப்படி நிக்குதுன்னு. வெளிய இந்தக் காத்து அடிக்குது. மூணு நாளா என் மக விளக்கு ஒரு ஆட்டம் ஆடல. எல்லாம் நீ அடைச்சுக் குடுத்தது. நீ நல்லா இருக்கணும் சாமி."

என் தலையில் கை வைத்தார் அக்கா.

அப்போது எனக்கு முதலில் என்ன தோன்றியது தெரியுமா? இதை என் அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. புகையைப் பார்த்தேன். வேலை சுத்தம் என்று தோன்றியது. அதற்கப்புறம்தான் மற்றதெல்லாம் தோன்றியது.

அவர் சொல்லிக்கொண்டே இருந்தார். "முப்பது வருசமா இதே சட்டி, இதே ரூமு. இவ பொறந்தப்ப எனக்கே இங்கதான் போட்டாங்க. யாருக்கும் ஒண்ணும் ஆகல. என் கையில என்ன பாவம் வந்து சேந்துச்சோ, எம்புள்ளைக்கு மட்டும் இப்படி." முப்பது வருஷம் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று அந்த அறையில் தெரிந்த ஒரே ஆள் நான்தான். வாயைத் திறந்தேன். "சாப்பிட்டீங்களா" என்று கேட்டேன்.

எங்கே சாப்பிடுகிறார். விளக்கை விட்டு வெளியே வரவே மாட்டேன் என்கிறார். திரி இறங்கினால் தூண்டிவிட ஆள் வேண்டும் என்று மண்ணெண்ணெய் ஸ்டவ்வைக்கூட அந்த அறைக்குள்ளேயே கொண்டுவந்து வைத்துக்கொண்டார். ஒரு கஞ்சி வைத்தால் இரண்டு வேளை ஓடும் என்றார். படுப்பதும் அங்கேதான்.

இன்றைக்குப் பதின்மூன்றாம் நாள். விசாரணைக்கு அவரும் வருகிறார். மாப்பிள்ளையின் அம்மா எழுதிக் கொடுத்திருக்கிறாள், "பெத்தவளே புகை போட்டுக் கொன்னுட்டா, அந்தக் கையில இன்னொரு பிள்ளையைக் குடுக்கச் சொல்றீங்களா" என்று. பாக்கியம்மா அதற்கு என்ன சொல்லப் போகிறார் தெரியுமா? "ஆமாம், என் தப்புதான்னு எழுதிக்குங்க" என்று சொல்லப் போகிறார். போனில் என்னிடமே சொன்னார். எழுதிக்கொள்வார்கள். அதற்கப்புறம் அந்தக் குழந்தையைத் தெருவில் நின்றுகூடப் பார்க்க விடமாட்டார்கள்.

இந்தப் பையில் இன்னொரு தாள் இருக்கிறது. நேற்று வரை பதினொரு தடவை எழுதியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் ஒரு வரி கூடவோ குறையவோ வந்துவிடுகிறது. கூட எழுதினால் நானே கொன்ற மாதிரி இருக்கிறது. குறைத்தால் யாருமே செய்யாத மாதிரி இருக்கிறது. அம்மா சொல்கிறாள், "நீ என்ன கரி போட்டியா? கதவைச் சாத்துனியா? ஜன்னலுக்குப் பட்டை ஒட்டுனதுக்கு எந்த ஊர்லடி கேசு? வாயை மூடிக்கிட்டுப் போய்ட்டு வா." அம்மாவுக்கு என் டிகிரிதான் பயம். எனக்கு அது மட்டும் இல்லை. என் தலையில் வைத்த கையைப் பாக்கியம்மா எடுத்துக்கொள்வாரே, அதுதான். அதையும் சரியாகச் சொல்லிவிட வேண்டும் இல்லையா?

அதனால்தான் உங்களிடம் முதலில் இருந்து சொல்லிப் பார்த்தேன். நீங்கள் யாரோ. கேட்கிறவருக்கு இது எப்படி இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். இதில் எந்த இடத்தில் நான்...

என்ன கேட்டீர்கள்?

ஸ்டவ்வா?

ஆமாம், உள்ளேதான். மண்ணெண்ணெய் ஸ்டவ். அதுதான் சொன்னேனே, விளக்கை விட்டு...

ஜன்னலா. ஜன்னல் அப்படியே...

அதை யாரும் பிரிக்கவில்லை. யாருக்குத் தெரியும், பிரிக்க. நான் மூன்றாம் நாள் போனேன், அப்புறம் போகவில்லை. இந்தத் தாளை எழுதிக்கொண்டிருந்தேன்.

கொஞ்சம் இதைப் பிடியுங்கள் அக்கா. பையைப் பிடியுங்கள். என் போன். டவர் இருக்கிறது, இரண்டு கோடு இருக்கிறது. மணி ஒன்பதே முக்கால். கிளம்பியிருக்க மாட்டார். கஞ்சி வைக்கிற நேரம். அடிக்கிறது. அடிக்கிறது அக்கா. எடுங்கள் பாக்கியம்மா, எடுங்கள்.

ஹலோ. பாக்கியம்மா? நான் சுகந்தி... ஆமா, பஸ்லதான் வந்துட்டு இருக்கேன். நீங்க எங்க இருக்கீங்க? ... ரூம்லயா? ஸ்டவ் எரியுதா? ... அணைங்க. முதல்ல அதை அணைங்க. ... வேகலைன்னாப் பரவால்ல. ... தலை வலிக்குதா? எத்தனை நாளா? ... கதவைத் திறங்க பாக்கியம்மா. ஜன்னலையும் திறங்க, அந்தப் பட்டை, மேல இருக்கறது, எல்லாத்தையும் பிச்சுப் போடுங்க. ... தெரியும். விளக்கு அணையும். அணையட்டும். ... அணையட்டும்மா.

... ஏன்னா நான்தான் அடைச்சேன்.

... இல்ல, கேளுங்க. முப்பது வருசமா அந்தச் சட்டி ஒண்ணும் பண்ணலைன்னு சொன்னீங்கல்ல. நீங்க திட்டுவீங்களே ஒரு காத்து, அதுதான். அது வந்துட்டு இருந்த வரைக்கும் ஒண்ணும் ஆகல. அதை நான் அடைச்சிட்டேன். ஞாயித்துக்கிழமை வந்து, மேல இருந்ததையும் சேத்து. எனக்குத் தெரியும் பாக்கியம்மா. நான் படிச்சிருக்கேன். உங்க கை இல்ல. ... உங்க கை இல்லம்மா.

பாக்கியம்மா?

பாக்கியம்மா, இருக்கீங்களா?

வைக்கவில்லை அக்கா. லைனில்தான் இருக்கிறார். இருங்கள், ஏதோ சத்தம் கேட்கிறது. என்னமோ இழுக்கிற சத்தம். கிழிகிற சத்தம். உரிக்கிறார் அக்கா, பட்டையை உரிக்கிறார், எனக்கு அந்தச் சத்தம் தெரியும்.

நேரம் ஆகும். சட்டென்று வராது. நான் அவ்வளவு நன்றாக ஒட்டியிருக்கிறேன்.